இரண்டரை மணிக்கு மூடும் அடுப்பு

சிட்னிக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நானும் தங்கை மகளும் ஒரு கஃபே வாசலில் நின்றோம். உள்ளே பாதி மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள். காபி மெஷின் சீறிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் அடுக்கியிருந்தது. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டேன். கவுன்டரில் நின்ற பெண் சிரித்த முகம் மாறாமல், கிச்சன் மூடியாகிவிட்டது, காபியும் கேக்கும் மட்டும்தான் என்றாள். நம்மூரில் சாம்பார் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஜ்ஜிக்கு எண்ணெய் வைக்கிற நேரம். இங்கே அடுப்பையே துடைத்து வைத்துவிட்டார்கள்.

"ரெண்டரைக்கு எல்லா கஃபேவும் இப்படித்தான் மாமா. அதான் காலையிலயே கிளம்பலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் தங்கை மகள். அவள் அங்கே படிக்கிறாள். வாரக்கடைசியில் வேறொரு கஃபேயில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு ஷிஃப்ட் இல்லாததால் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு இப்படிப் பல விஷயங்கள் விசித்திரமாகப் படும். அடுப்பு சீக்கிரம் அணைகிறது. தண்ணீரை நாமே பிடித்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே தோசை, மன்னிக்கவும், அதே டோஸ்ட்டுக்குப் பத்து சதவீதம் கூடுதல் விலை. ஆனால் டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இதையெல்லாம் ஊர் வழக்கம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அங்கே ஓர் ஆளின் ஒரு மணி நேரம் விலை கூடியது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தானாகப் புரிந்துவிடும்.

2025 ஜூலை 1இல் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. ரூபாயில் ஆயிரத்துக்கு மேல். நிரந்தர வேலை இல்லாமல் கூப்பிட்டபோது வருகிறவர்களை 'கேஷுவல்' என்பார்கள். அவர்களுக்கு லீவு, மருத்துவ விடுப்பு எல்லாம் கிடையாது என்பதால் அதற்கு ஈடாக 25 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் வாரக்கடைசிக் கணக்கு வேறு. ஹோட்டல் தொழிலுக்கான சம்பள விதிகளின்படி நிரந்தர ஊழியருக்குச் சனிக்கிழமை வழக்கமான கூலியில் 125 சதவீதம், ஞாயிற்றுக்கிழமை 150 சதவீதம், பொது விடுமுறை நாளில் 225 சதவீதம். இதைப் 'பெனால்ட்டி ரேட்' என்று சொல்கிறார்கள். பேரைக் கேட்டால் அபராதம் மாதிரி இருக்கிறது. ஊரே ஓய்வெடுக்கும் நாளில் ஒருவரை வேலைக்கு வரச் சொன்னதற்கு முதலாளி கட்டுகிற அபராதம் என்று எடுத்துக்கொண்டால் பேர் சரிதான்.

மெனுவின் அடியில் 'ஞாயிறு 10 சதவீதம், பொது விடுமுறை 15 சதவீதம் கூடுதல்' என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். அப்படி வாங்குவதாக இருந்தால், விலை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறதோ அவ்வளவு பளிச்சென்று அந்தக் குறிப்பும் மெனுவில் தெரிய வேண்டும் என்பது சட்டம். 10 சதவீத ஜிஎஸ்டி மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். கார்டைத் தட்டிப் பணம் கட்டும்போது ஒன்று ஒன்றரை சதவீதம் தனியாகப் பிடிக்கிற கடைகளை நான் நிறையப் பார்த்தேன். டிப்ஸ் கட்டாயமில்லை. முதல் நாள் பழக்கதோஷத்தில் மேஜையில் இரண்டு டாலர் நாணயத்தை வைத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய பையன் வாசல்வரை ஓடிவந்து, சார் மறந்துவிட்டீர்கள் என்று கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கஃபேயின் கடிகாரத்துக்கு வருவோம். காலை ஆறரை, ஏழுக்குத் திறப்பார்கள். முதலில் வருவது ஒளிரும் மஞ்சள் சட்டை போட்ட கட்டடத் தொழிலாளர்கள், பிறகு ஆபீஸ் கூட்டம், பத்து மணிக்கு மேல் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வரும் அம்மாக்கள். வாரக்கடைசியில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வாசலில் பேர் எழுதிக் காத்திருக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் கூட்டம் வற்றிவிடும். அதற்குப் பிறகு நாலு தட்டு சாப்பாட்டுக்காக ஒரு சமையல்காரரை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கடைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு, இரண்டரைக்குக் கிச்சன் மூடும். மூன்று, நாலுக்குக் கடையே மூடிவிடும். இரவுச் சாப்பாட்டுக் கடைகள் ஐந்தரைக்குத் திறந்து, எட்டரை ஒன்பதுக்குக் கடைசி ஆர்டர் எடுக்கும். ஆக மூன்றுக்கும் ஐந்தரைக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுந்த வயிற்றுக்கு மாலில் இருக்கும் ஃபுட் கோர்ட், ரொட்டிக்கடையில் சுட்ட 'பை' பலகாரம், அப்புறம் சுஷி ரோல். சுஷி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கஃபேயில் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, உட்கார்ந்து ஆர்டர் செய்கிற கடையா, கவுன்டரில் செய்கிற கடையா என்பதை. வாசலில் 'காத்திருங்கள், இடம் காட்டுகிறோம்' என்று பலகை இருந்தால் நின்றுவிட வேண்டும். நாமாகப் போய் உட்கார்ந்தால் கடிந்து பேச மாட்டார்கள், ஆனால் யாரும் கிட்டேயும் வர மாட்டார்கள். பலகை இல்லாத இடத்தில் பெரும்பாலும் கவுன்டரில் சொல்லிப் பணம் கட்டிவிட்டு, எண் பொறித்த ஒரு தண்டை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் நட்டு வைக்க வேண்டும். தட்டு அந்த எண்ணைத் தேடி வரும். மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்கிற கடைகளிலும் பில் மேஜைக்கு வராது. சாப்பிட்டு முடித்துப் போகிற வழியில் கவுன்டரில் நின்று மேஜை எண்ணைச் சொல்லிக் கட்ட வேண்டும். நான் ஒருமுறை பில்லுக்காக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது மேஜையில் ஒட்டிய கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்து, ஆர்டரையும் பணத்தையும் அதிலேயே முடித்துக்கொள்ளும் கடைகளும் நிறைய. எல்லாம் ஒரு ஆளின் நடையைக் குறைக்கிற வழிகள்.

கவுன்டரில் கேட்கிற முதல் கேள்வி 'ஹேவ் ஹியர்?' என்பது. இங்கேயே சாப்பிடுகிறீர்களா, கட்டித் தர வேண்டுமா என்று அர்த்தம். அவர்கள் சொல்கிற வேகத்தில் ஒரே சொல்லாகத்தான் காதில் விழும். அடுத்த கேள்வி பால் எது என்பது. பசும்பால், சோயா, பாதாம், ஓட்ஸ். பசும்பால் அல்லாதவற்றுக்குப் பெரும்பாலும் கூடுதல் காசு.

காபிப் பெயர்கள் கொஞ்சம் பழக வேண்டும். வெறும் 'காபி' என்று கேட்டால் எந்தக் காபி என்று திருப்பிக் கேட்பார்கள். பாலில்லாத சின்ன எஸ்பிரெஸோ 'ஷார்ட் பிளாக்'. கோப்பையில் முதலில் வெந்நீர், அதன்மேல் எஸ்பிரெஸோ என்றால் 'லாங் பிளாக்'. வரிசையை மாற்றி, டிகாஷன்மேல் வெந்நீர் ஊற்றினால் மேலே மிதக்கும் பொன்னிற நுரை கலைந்துவிடும், அதனால்தான் இந்த ஒழுங்கு. சூடான பாலைச் சேர்த்து மேலே மெல்லிய ஆடை மாதிரி நுரை விட்டால் 'ஃப்ளாட் வைட்'. அதையே கண்ணாடித் தம்ளரில் இன்னும் கொஞ்சம் நுரையோடு தந்தால் லாட்டே. நுரை தாராளமாக, மேலே சாக்லேட் தூள் தூவி வந்தால் கப்புச்சினோ. மெல்போர்னில் 'மேஜிக்' என்று ஒன்று உண்டு. இரட்டை அளவு திக்கான டிகாஷனைச் சின்னக் கோப்பையில் விட்டு முக்கால் அளவுக்குப் பால் ஊற்றுவார்கள். கும்பகோணம் டிகிரி காபி ருசித்த நாக்குக்கு இதுதான் கிட்டத்தில் வருகிறது என்பது என் அபிப்பிராயம். குழந்தைகளுக்கு 'பேபிச்சினோ': சின்னக் கோப்பையில் நுரைத்த பால், சாக்லேட் தூள். காபி ஒரு சொட்டும் இருக்காது. மூன்று வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நம்மவர்கள் எல்லோரும் சொல்கிற குறை ஒன்று உண்டு: காபி சூடாக இல்லை. பாலை 60, 65 டிகிரியோடு நிறுத்துவதுதான் அங்கே முறை. அதற்கு மேல் போனால் பாலின் இயல்பான இனிப்பு போய், வெந்த வாசம் ஏறிவிடும் என்பார்கள். 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்டால் செய்து தருவார்கள், பாரிஸ்டா முகத்தைக் கவனிக்காமல் இருந்தால் சரி. சர்க்கரை அவர்களாகப் போட மாட்டார்கள். கட்டித் தரும் காபிக்கு எத்தனை ஸ்பூன் என்று சொல்ல வேண்டும்.

இந்தக் காபிப் பித்து இத்தாலியர்கள் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயிரக்கணக்கில் குடியேறியவர்கள் எஸ்பிரெஸோ மெஷினையும் கூடவே கொண்டுவந்தார்கள். மெல்போர்ன் போர்க் தெருவில் 1954இல் திறந்த பெல்லெக்ரினிஸ் இன்றைக்கும் இருக்கிறது. ஃப்ளாட் வைட் யாருடையது என்பதில் சிட்னிக்கும் நியூசிலாந்தின் வெலிங்டனுக்கும் ஓயாத வழக்கு. சிட்னிக்காரர்கள் 1985 என்கிறார்கள், வெலிங்டன்காரர்கள் 1989இல் தங்கள் ஊரில் தற்செயலாகப் பிறந்தது என்கிறார்கள். மைசூர்பாகு யாருடையது என்கிற வழக்கு மாதிரி இதற்கும் தீர்ப்பு வராது. ஆனால் இந்தப் பித்தின் ஆழத்துக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. 2000இல் ஆஸ்திரேலியாவில் கால் வைத்த ஸ்டார்பக்ஸ், 2008இல் தன் 84 கடைகளில் 61ஐ மூடிவிட்டது. தெருமுனையில் தன் பேரும் தன் காபியும் தெரிந்த ஒருவர் நிற்கும்போது பெரிய கோப்பை சர்க்கரைப் பாலுக்கு யாரும் மயங்கவில்லை.

சாப்பாட்டில் கஃபேயின் கொடி என்றால் 'ஸ்மாஷ்ட் ஆவோ'. மசித்த அவகாடோவை முறுகலான ரொட்டிமேல் அள்ளி வைத்து, எலுமிச்சை பிழிந்து, ஃபெட்டா சீஸ் உதிர்த்து, வேண்டுமானால் மேலே ஒரு முட்டை. இதைப் பரவலாக்கிய பெருமையை பில் கிரேஞ்சருக்குக் கொடுப்பார்கள். 1993இல், இருபதுகளின் தொடக்கத்தில், சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்ட்டில் 'பில்ஸ்' கடையைத் திறந்தார். மாலை நாலுக்கு மேல் நடத்த உள்ளூர் நிர்வாகம் அனுமதிக்கவில்லை. அதனால் காலைச் சாப்பாட்டிலேயே முழுக் கவனம் வைத்தார். நடுவில் ஒரே நீளமான மேஜை, முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். அந்தக் கடை 2008இல் ஜப்பானுக்கும் போய், கமகுரா கடற்கரையில் கிளை திறந்தது. கடையின் பேர்போன ரிக்கோட்டா பான்கேக்குக்கு அங்கேயும் வரிசை. கிரேஞ்சர் 2023 டிசம்பரில் 54 வயதில் இறந்தார்.

2016இல் பெர்னார்ட் சால்ட் என்ற பத்தி எழுத்தாளர், 22 டாலர் கொடுத்து இந்த அவகாடோ ரொட்டியைச் சாப்பிடும் இளைஞர்கள் வீடு வாங்கச் சேமிக்கலாமே என்று எழுதப்போக, நாடே சண்டைக்கு வந்தது. வீட்டு விலையைப் பார்த்த யாருக்கும் ரொட்டியை நிறுத்தினால் வீடு வராது என்று தெரியும். ஆனால் பத்தாண்டு கழிந்தும் அந்தத் தட்டைப் பார்த்ததும் வீட்டுக் கடன் ஜோக் ஒன்று கட்டாயம் வரும்.

சைவர்களுக்கு மெனுவில் குறிகள் உண்டு. 'வி' என்றால் சைவம், 'விஜி' என்றால் பால், முட்டை, தேன் எதுவும் இல்லாதது, 'ஜிஎஃப்' என்றால் கோதுமைப் பசை இல்லாதது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அங்கே முட்டை சைவம். 'வி' போட்ட தட்டில் இரண்டு முட்டை உட்கார்ந்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை. முட்டையும் ஆகாது என்றால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஆர்டர் எடுக்கிறவரே 'டயட்டரீஸ்?' என்று கேட்பார். அலர்ஜி, விரதம், மதம் எதுவானாலும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். காரணம் கேட்காமல் குறித்துக்கொள்வார்கள்.

இனி அந்தப் பிற்பகல் பள்ளத்துக்கு. கஃபே வாசலிலிருந்து தங்கை மகள் என்னை நேரே ரயில் நிலையத்துக்குள் அழைத்துப் போனாள். பெட்டிக்கடை அகலத்தில் ஒரு சுஷிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான கரும்பச்சை உருளைகள் வரிசையாக நின்றன. ஜப்பானிய உணவகத்தில் வட்டு வட்டாக நறுக்கி வைப்பார்களே, அது இல்லை. நீளமான உருளையை இரண்டாக வெட்டி, பாதியை அப்படியே நறுக்காமல் சின்னப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதுபோல நடந்துகொண்டே கடித்துச் சாப்பிடலாம். தட்டு வேண்டாம், குச்சி வேண்டாம், பரிமாறுகிறவர் வேண்டாம். விலை நாலைந்து டாலர், ஒரு கோப்பை காபியின் விலைக்குள். இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது.

உள்ளே இருப்பதும் டோக்கியோக்காரர் எதிர்பார்ப்பதில்லை. டெரியாகி சிக்கனும் அவகாடோவும், டின் மீனை மயோனைஸில் பிசைந்த 'குக்ட் டூனா', பொரித்த இறால், பொரித்த கோழி, சால்மன் அவகாடோ. பச்சை மீனைக் கண்டு முகம் சுளித்த ஊருக்கு வெந்ததை வைத்துச் சுருட்டிக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ஜப்பானிலும் நறுக்காத முழு உருளையைக் கடித்துச் சாப்பிடும் நாள் ஒன்று உண்டு. பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் செட்சுபுன் அன்று, அந்த வருடத்துக்கான நல்ல திசையைப் பார்த்து நின்று, பேசாமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆஸ்திரேலியர்கள் திசை பார்ப்பதில்லை, பிளாட்பாரம் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கம் அவர்களுக்கே எவ்வளவு சொந்தமாகிவிட்டது என்றால், நியூயார்க்கில் 'ஆஸ்திரேலிய பாணி சுஷி' என்றே சொல்லி ஒரு கடை விற்கிறது. இது என்ன, ஜப்பானியருடையதை எடுத்துக்கொண்டு, என்று இணையத்தில் ஒரு மூச்சு சண்டையும் நடந்து ஓய்ந்தது. சண்டையில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தக் கடைகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் கொரியாவிலிருந்து வந்தவர்கள்.

உருளைக்குள் இருக்கும் சோறு அந்த மண்ணில் விளைந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுக்க 1901இலேயே சட்டம் போட்ட நாடு ஆஸ்திரேலியா. அந்தக் காலத்தில், 1905இல், இசபுரோ டகாசுகா என்ற ஜப்பானியர் மனைவி குழந்தைகளோடு மெல்போர்னில் வந்து இறங்கினார். விக்டோரியா மாநில அரசு மர்ரே ஆற்றங்கரையில் ஸ்வான் ஹில் பக்கம் வெள்ளம் புகும் 200 ஏக்கரை அவரிடம் கொடுத்து, நெல் போட்டுப் பார் என்றது. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி அழித்ததைத் தாண்டி, தன் கையால் கரை கட்டி, ஜப்பானிய விதைநெல்லை அந்த மண்ணுக்குப் பழக்கினார். 1920களில் நியூ சவுத் வேல்ஸின் லீட்டன் பகுதியில் நெல் விவசாயம் வணிகமாக வளர்ந்தது. ரிவெரினா என்று அழைக்கப்படும் அந்த வட்டாரத்தில் இப்போது ஜப்பானியரின் கோஷிஹிகாரி ரகம்கூட விளைகிறது. சால்மன் டாஸ்மேனியாவிலிருந்து வருகிறது. அங்கே 1980களின் நடுவில் வளர்ப்புப் பண்ணைகள் தொடங்கின. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் கொழுக்க வைக்கும் புளூஃபின் சூரை பெரும்பாலும் ஜப்பானுக்குத்தான் போகிறது. உடோன் நூடுல்ஸுக்குப் பேர்போன ஜப்பானின் ககாவா மாவட்டம் நம்பியிருப்பதும் மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமையை. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது.

மாலை நாலரை வாக்கில் சுஷிக் கடைகளில் விலை விழும். நாலு ரோலை ஒரு டப்பாவில் அடைத்து, பாதி விலை என்று ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள். இதற்குக் கடை மூடுகிற நேரம் மட்டும் காரணமில்லை. அங்கே உணவுப் பாதுகாப்பில் 'இரண்டு மணி, நாலு மணி' விதி என்று ஒன்று இருக்கிறது. சீக்கிரம் கெடக்கூடிய உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்குள் இருந்திருந்தால் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். நாலைத் தாண்டினால் குப்பைதான். ராத்திரி குளிர்பெட்டியில் வைத்தால் சுஷிச் சோறு விறைத்துக் கல்லாகிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் அன்றைய சரக்கு அன்றைக்கே தீர வேண்டும். வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நேரம் துல்லியமாகத் தெரியும்.

ரோலோடு சோயா சாஸ் கொடுப்பார்கள். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் மீனுக்குள் சாஸ், மூக்கில் சிவப்பு மூடி. ஒசாகாவில் 1950களில் பிறந்த இந்த மீன் ஆஸ்திரேலியச் சுஷிக் கடையின் சின்னம் மாதிரியே ஆகிவிட்டது. கழுவவும் முடியாது, மறுசுழற்சி மெஷினிலும் சிக்காமல் நழுவிவிடும் என்பதால் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2025 செப்டம்பர் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. அதன் தலைநகர் அடிலெய்டில் இனி பாக்கெட்டைக் கிழித்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பச்சையாகத் தருகிற வசாபி பெரும்பாலும் உண்மையான வசாபி கிடையாது. ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்கில் பச்சை நிறம் சேர்த்தது. நிஜமானது டாஸ்மேனியாவில் விளைகிறது, நாலு டாலர் ரோலுக்குள் அது வராது.

உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கையும் கடிக்கக் கூடாது என்றால் 'சுஷி டிரெயின்'. நடுவில் சமையல்காரர், அவரைச் சுற்றி ஓடும் பெல்ட், பெல்ட்டைச் சுற்றி நாம். வேண்டிய தட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தட்டின் நிறத்துக்கு ஒரு விலை, கடைசியில் தட்டுகளை எண்ணி பில் போடுவார்கள். எடுத்த தட்டைத் திரும்ப வைக்கக் கூடாது. ரொம்ப நேரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டை விட்டுவிட்டு, வேண்டியதைப் புதிதாகக் கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யோஷியாகி ஷிராய்ஷி, 1958இல், ஒசாகாவில். சின்னக் கடை, ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை, தனியாளாகப் பரிமாறவும் முடியவில்லை. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடி வருவதைப் பார்த்து யோசனை பிறந்தது. நொடிக்கு 8 சென்டிமீட்டர் வேகம் என்று முடிவு செய்தார். அதற்கு மேல் ஓடினால் சோறு காய்ந்துவிடும், குறைந்தால் சாப்பிடுகிறவர் பொறுமை போய்விடும். பரிமாற ஆள் கிடைக்காத கவலையில் ஒசாகாவில் பிறந்தது, ஆள் கூலி அதிகமான ஆஸ்திரேலியாவில் பச்சென்று ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

புறநகர்த் தெருக்களில் இருக்கும் ஜப்பானிய உணவகங்கள் இவற்றைவிட அமைதியானவை. மதியம் பென்டோ: கட்டம் போட்ட பெட்டியில் சோறு, ஒரு கறி, சாலட், ஒரு கிண்ணம் மிசோ சூப். இரவில் கத்சு கறி, உடோன், ராமென். 1980இல் இரு நாடுகளும் விடுமுறை வேலை விசா ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஜப்பானிய இளைஞர்கள் ஒரு வருடம் வந்து வேலை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அவர்களில் ஒருவர் இந்தக் கடைகளில் அநேகமாக இருப்பார். கிச்சனில் நேபாளப் பையன்களையும் நம் பையன்களையும் பார்க்கலாம். மெல்போர்னின் காலிங்வுட்டில் 2008இல் தொடங்கிய 'சிபி' மாதிரி, கஃபேவும் ஜப்பானும் ஒரே மேஜையில் சந்திக்கிற இடங்களும் உண்டு. அங்கே காலைச் சாப்பாடாகச் சுட்ட சால்மன், முட்டைச் சுருள், சோறு, மிசோ சூப் கிடைக்கும், பக்கத்தில் ஃப்ளாட் வைட்டும் கிடைக்கும்.

சைவர்களுக்கு ஆபத்து இந்த அமைதியான கடைகளில்தான். தங்கை மகளின் அறைத்தோழி மாயவரத்துப் பெண், முட்டைகூடத் தொடாதவள். ஒருநாள் மூவரும் சாப்பிடப் போனோம். அவளுக்குப் பிடித்தது அகெதாஷி டோஃபு: மாவில் புரட்டிப் பொரித்த சோயாக் கட்டி, வெதுவெதுப்பான பழுப்புச் சாற்றில் பாதி முங்கிக் கிடக்கும். கூடவே மிசோ சூப். கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோனதும் எனக்குத் தூத்துக்குடி வந்துவிட்டது. மாசிக் கருவாட்டு வாசனை. அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டு, சொல்லிவிட்டேன். ஜப்பானியச் சமையலில் பாதிக்கு மேல் தாஷி என்ற சாறு ஓடுகிறது. கடற்பாசியோடு கத்சுஓபுஷியைப் போட்டு இறக்குவது தாஷி. கத்சுஓபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்து, இலங்கைச் சம்பலில் இடித்துப் போடுகிற மாசியின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருஷமா குடிக்கறேனே அங்கிள்," என்றாள்.

கடைக்காரர்மேல் குற்றமில்லை. மெனுவில் டோஃபு என்று போட்டிருந்தது, அது டோஃபுதான். தாஷி அவர்களுக்கு உப்பு மாதிரி, யாரும் தனியாகக் குறிப்பிட மாட்டார்கள். மிசோ சூப், டெம்பூராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, உடோன் ரசம், முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். அகெதாஷி தட்டிலும் ஒகோனோமியாகி என்ற அடையிலும் மேலே சீவல் சீவலாக நெளிந்து ஆடுவது மீன்தான். கறி என்று பேர் இருக்கிறதே என்று நம்பிக் காய்கறிக் கத்சு கறி வாங்கினால், அந்தக் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு. டோன்கொட்சு ராமெனின் வெள்ளைச் சாறு பன்றி எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சியது. இறைச்சி இருக்கிறதா என்று கேட்காமல், இதில் தாஷி இருக்கிறதா என்று பேர் சொல்லிக் கேட்டால் நேர்மையான பதில் வரும். நம்பி வாங்கக்கூடியவை என்று பார்த்தால் உப்புப் போட்டு அவித்த எடமாமே சோயாக்காய், வெள்ளரி ரோல், மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய அவகாடோ ரோல். அன்றைக்கு அந்தப் பெண் அவை மூன்றையும் வரவழைத்துச் சாப்பிட்டாள். டோஃபுவை நான் முடித்தேன். நன்றாகவே இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு தங்கை மகளுக்கு ஷிஃப்ட் இருந்தது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதனால் அவள் அந்த மணிகளைக் கஞ்சன் மாதிரி எண்ணி, கூலி கூடுதலான ஞாயிற்றுக்குப் பாதுகாத்து வைப்பாள். நான் நாலு மணிக்கு அவள் கடை வாசலில் போய் நின்றேன். நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கையில் காபித்தூள் வாசனையோடு வெளியே வந்தவள், பசிக்குதா மாமா என்று கேட்டாள்.

ஸ்டேஷன் சுஷிக் கடையில் நாலு ரோல் டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. நான் பர்ஸை எடுக்கப் போனேன்.

"ஞாயித்துக்கிழமை சம்பளம் மாமா, நான் குடுக்கறேன்," என்று கார்டைத் தட்டினாள். பிளாஸ்டிக் மீனின் சிவப்பு மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, என் ரோலின் வாயில் நாலு சொட்டு விட்டாள். ரயில் வர ஆறு நிமிடம் இருந்தது.